டிக்கட்டுக்குப் பெரியவர், லவுஞ்சுக்குப் பிள்ளை

2024 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரத்தில் ஓரிரவு. நேரம் ஒன்றே கால். உம்மா இன்னும் தொழுகைப் பாயிலேயே இருந்தார், கையில் தஸ்பீஹ். நான் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு தூக்கத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். மாலை ஏழு மணியளவில் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட என் தம்பியின் மகள், இந்நேரம் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் இறங்கியிருப்பாள். அவளுக்கு வயது 15. தனியாகப் போகிறாள். அங்கே ஒன்பது மணித்தியாலங்கள் காத்திருந்து, பர்மிங்ஹாம் செல்லும் விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

தொலைபேசி அடித்தது.

"மாமி, அவங்க என்னை உள்ளுக்கு விடுறாங்க இல்ல."

உள்ளுக்கு என்று அவள் சொன்னது விமான நிலைய லவுஞ்சை. நல்ல கதிரைகள், சாப்பாடு, குளியலறை, இன்டர்நெட் எல்லாம் ஓரிடத்தில் உள்ள காத்திருப்புக் கூடம் அது. தம்பி அதற்கென்றே முன்கூட்டிப் பணம் கட்டி, மகளின் பெயரில் அனுமதிச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான். "ராத்தா, ஒன்பது மணித்தியாலமும் அவ லவுஞ்சுக்குள்ளதான் இருப்பா. நீங்களும் உம்மாவும் பயப்பட வாணாம்" என்று அவன் சொன்ன சொல்லை நம்பித்தான் நாங்கள் அவளை வழியனுப்பிவிட்டு வந்தோம். இப்போதோ, லவுஞ்சின் வாசலில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் புரட்டிப் பிறந்த திகதியைப் பார்த்துவிட்டு, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவருடன்தான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டாராம்.

"டிக்கட்டுல அடல்ட் என்று போட்டிருக்கு மாமி. இங்க சைல்ட் என்று சொல்றாங்க. நான் இப்ப யார்?"

அந்தக் கேள்விக்கு எனக்கும் அந்த நேரத்தில் விடை தெரிந்திருக்கவில்லை. பிறகு நாலு பேரிடம் கேட்டும், விமானக் கம்பனிகளின் விதிகளை வாசித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் வாப்பா டோஹாவில், நானா லண்டனில், சாச்சாவின் வீடு மெல்பேர்னில் என்று ஆகிவிட்ட காலம் இது. பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகள் தனியாக விமானமேறுவது இனி புதினமும் அல்ல.

முதலில், அவள் தனியாகப் போக நேர்ந்த கதை. "மஹ்ரம் இல்லாம ஒரு பொம்புளப் புள்ளய அனுப்புறதா?" என்று உம்மா ஆரம்பத்திலேயே கேட்டார். பாதுகாப்பான வழித்துணை இருந்தால் போகலாமா, கூடாதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எங்கள் ஏற்பாடும் அவளைத் தனியாக அனுப்புவதாக இருக்கவில்லை. தம்பிக்குத் தெரிந்த குடும்பமொன்று அதே விமானத்தில் போவதாக இருந்தது. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அந்த வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட, அவர்கள் பயணத்தைப் பிற்போட்டுவிட்டார்கள். அவளுக்கோ செப்டெம்பர் முதல் வாரத்தில் பாடசாலை தொடங்குகிறது. பொதுப் பரீட்சை எழுதும் வருடம். தம்பி வேலை நிமித்தம் மூன்று வாரங்களுக்கு முன்பே திரும்பியிருந்தான். தம்பி மனைவிக்குக் கைக்குழந்தை. வேறு வழி தெரியவில்லை.

சரி, 15 வயதுப் பிள்ளை பெரியவரா, சின்னவரா? அது யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

டிக்கட் விற்பவரைக் கேட்டால் பெரியவர். இரண்டு வயது வரை கைக்குழந்தை, 12 வயது வரை சிறுவர்; 12 பிறந்துவிட்டால் முழுக் கட்டணம். விமானக் கம்பனிகளிற் பெரும்பாலானவை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. பிள்ளைகள் தனியே போவதற்கான விதியும் ஏறத்தாழ இந்தக் கோட்டிலேயே நிற்கிறது. 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளை தனியாகப் போவதென்றால் 'துணையின்றிப் பயணிக்கும் சிறார்' என்ற சேவையைக் கட்டாயம் எடுக்க வேண்டும். பெற்றார் ஒரு படிவத்தை நிரப்பி, பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் யார், மறுமுனையில் பொறுப்பேற்பவர் யார் என்று பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கழுத்தில் பத்திரங்களடங்கிய பையொன்றை மாட்டி, ஓர் உத்தியோகத்தர் மற்றவரிடம் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். மறுமுனையில் அடையாள அட்டையைப் பார்த்தே பிள்ளையை ஒப்படைப்பார்கள். துபாய் விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் எமிரேட்ஸ் நிறுவனம் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே தனி அறையொன்று வைத்திருக்கிறது. இச்சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு.

12 வயதுக்கு மேல்தான் சிக்கல். பல கம்பனிகளில் 12 முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கும் பெற்றார் கேட்டால் இந்தச் சேவையைத் தருகிறார்கள். ஆனால் கேட்டால் மட்டுந்தான். கேட்காவிட்டால் பிள்ளையும் ஏனைய பயணிகளைப் போல ஒரு பயணி. யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள். தம்பி கேட்கவில்லை. "என்ட புள்ள கெட்டிக்காரி, கழுத்துல பையை மாட்டிக்கொண்டு போக வெட்கப்படுவா" என்றான். அவள் கெட்டிக்காரிதான், அதில் மறுப்பில்லை. ஆனாலும் அந்தச் சேவையை எடுத்திருந்தால் அன்றிரவு உம்மா தூங்கியிருப்பார்.

கம்பனிக்குக் கம்பனி விதி மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் எயார்வேஸ் இந்த ஒப்படைப்புச் சேவையை நிறுத்திவிட்டது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே ஏற்றுவதே இல்லை. ஐரோப்பாவுக்குள் மலிவு விலையில் பறக்கும் ரயன்எயார் 16 வயதுக்குக் குறைந்தவரைத் தனியே ஏற்றாது. லண்டனில் இறங்கி வேறு விமானத்தில் அயர்லாந்துக்கோ இத்தாலிக்கோ போகவேண்டிய பிள்ளைக்கு, முதல் விமானத்தில் இடமிருந்தும் இரண்டாவதில் இடமில்லாமல் போகலாம். டிக்கட் எடுக்க முன் இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி லவுஞ்சுக்கு வருவோம். இது முதலில் சாதாரண பயணிகளுக்கென்று உண்டானதல்ல. 1939இல் நியூயோர்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்' என்ற பெயரில் ஒரு கூடத்தைத் திறந்தது. அழைப்புப் பெற்ற பெரும்புள்ளிகள் மட்டுமே உள்ளே போகலாம். நெடுங்காலம் லவுஞ்ச் என்றால் முதல் வகுப்புக்காரர்களின் இடம் என்றே இருந்தது. 1992இல் 'பிரயோரிட்டி பாஸ்' என்ற அட்டை வந்தது. எந்தக் கம்பனியின் டிக்கட்டாக இருந்தாலும் அட்டையைக் காட்டி உள்ளே போகலாம் என்றாயிற்று. 1998இல் ஹொங்கொங்கில் தொடங்கிய 'பிளாஸா பிரீமியம்' நிறுவனம், சாதாரண வகுப்புப் பயணியும் காசு கொடுத்தால் இருக்கக்கூடிய லவுஞ்ச்களைத் திறந்தது. பிறகு வங்கிகள் கடனட்டையோடு சேர்த்தே லவுஞ்ச் வசதியைக் கொடுக்கத் தொடங்கின. இன்று நம்மூர் வங்கி அட்டைகள் சிலவற்றிலும் இது உண்டு.

இப்படிக் கதவு அகலத் திறந்தபோதும் வயது விதி மட்டும் இறுகியே நிற்கிறது. காசு கொடுத்து உள்ளே போகும் லவுஞ்ச்களிற் பலவற்றில், 18 வயதுக்குக் குறைந்தவர் பெரியவர் ஒருவரோடு வரவேண்டும் என்பது நிபந்தனை. சில இடங்களில் அந்த வயது 16, வேறு சிலவற்றில் 12. அட்டை ஒன்றாக இருந்தாலும் லவுஞ்சுக்கு லவுஞ்ச் விதி வேறு. வியாபார வகுப்பு டிக்கட்டில் வரும் பிள்ளையை அக்கம்பனியின் சொந்த லவுஞ்ச் உள்ளே விடவும் கூடும், விடாமலும் இருக்கக்கூடும். சீட்டை இன்டர்நெட்டில் விற்கும்போது இந்த நிபந்தனை பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் கிடக்கும். பணத்தை வாங்கிக்கொள்ளும்போது பிறந்த திகதியைக் கேட்காதவர்கள் வாசலில் கேட்கிறார்கள். தம்பி கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை, நிபந்தனையில் எழுதியிருக்கிறதாம்.

எனக்கு முதலில் அந்த வாசல் பெண்ணின் மேல்தான் கோபம் வந்தது. நடுச்சாமத்தில் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் எப்படி வந்தது என்று. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பெரும்பாலான லவுஞ்ச்களில் மதுபானம் மேசையில் இருக்கும், அல்லது கேட்டதும் கிடைக்கும். வளைகுடாவிலும், சவூதியையும் குவைத்தையும் விட்டால், பல இடங்களில் இதே நிலைதான். உள்ளே வேலை செய்பவர்கள் கோப்பை எடுக்கவும் மேசை துடைக்கவும் இருப்பவர்கள். பிள்ளை பார்க்க இருப்பவர்கள் அல்லர். ஏதும் நடந்தால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும்.

இதில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. லவுஞ்ச் என்பது காவலுள்ள இடமல்ல. காசு கொடுத்த எவரும் உள்ளே வரலாம். பக்கத்துக் கதிரையில் யார் வந்து உட்காருவார் என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து தூக்கம். பல லவுஞ்ச்களில் விமானம் புறப்படும் அறிவிப்பு எதுவும் செய்யமாட்டார்கள். மெத்தென்ற கதிரை, மங்கிய வெளிச்சம், வயிறு நிறையச் சாப்பாடு. களைத்த பிள்ளை கண்ணயர்ந்தால் எழுப்ப ஆளில்லை. தம்பி 'பாதுகாப்பு' என்று நினைத்து வாங்கியது உண்மையில் வசதியை மட்டுந்தான்.

அன்றிரவு என்ன நடந்தது? நான் அவளிடம் சொன்னதெல்லாம், "அழாதீங்க மகள், பெண்கள் தொழுற இடம் எங்க என்று கேட்டு அங்க போங்க. முதல்ல இஷாவைத் தொழுங்க. பிறகு எடுங்க" என்பதுதான். வேறு யோசனை எனக்கு வரவில்லை. அது நல்ல யோசனையாக அமைந்தது அல்லாஹ்வின் உதவி. வளைகுடா விமான நிலையங்களில் பெண்களின் தொழுகை அறை தனியாக இருக்கும். பெண்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

அங்கே அவளுக்கு முன்பே ஒருவர் இருந்தார். நம் நாட்டுப் பெண், புத்தளம் பக்கத்தவர், நாற்பது வயதளவில் இருக்கும். தம்மாமில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். முதல் பயணம். ஆங்கிலம் தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்தவர் என்பதால், அறிவிப்புப் பலகையில் ஊரின் பெயரை அரபு எழுத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்து வைத்திருந்தார்: அலிஃப், லாம், தால், மீம். வாயில் இலக்கத்தையும் கையில் பேனையால் எழுதி வைத்திருந்தார். என் மருமகள் தன்னுடைய அரைகுறைத் தமிழில் பேச்சுக் கொடுத்து, அவருடைய விமானத்தைப் பலகையில் பார்த்தபோது வாயில் மாறியிருந்தது. அவர் எழுதி வைத்திருந்த இலக்கம் கட்டடத்தின் மறு கோடியில்.

பிறகு இருவருமாகப் புது வாயிலைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஓடும் நடைபாதையில் கால் வைக்க அந்தப் பெண் பயந்தாராம். இவள் கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறாள். வழியில் ஒரு கடையில் தேநீரும் பணிசும் வாங்கி இருவரும் சாப்பிட்டார்கள். காசு கொடுக்க அவர் விடவில்லையாம். மடித்து வைத்திருந்த டொலர் நோட்டொன்றை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து, "நீங்க சின்னப் புள்ள, வைங்க" என்றாராம்.

இந்த இடத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும். லவுஞ்ச் விதிப்படி பார்த்தால், என் மருமகளை உள்ளே கூட்டிப்போகத் தகுதியுள்ள 'பெரியவர்' அவர்தானே!

இலங்கை நேரம் காலை ஐந்து மணியளவில் அவருடைய விமானம் புறப்பட்டது. அதன்பின் இவள் தன்னுடைய வாயிலுக்குப் பக்கத்தில், குடும்பமொன்று இருந்த வரிசையில் போய் இருந்துகொண்டாள். தூங்கவில்லை. சுபஹைத் தொழுதுவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் உம்மா பாயைச் சுருட்டினார்.

இனி இப்படியான பயணம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று வீட்டில் பேசியவற்றையும் சொல்கிறேன். பிள்ளையின் டிக்கட்டில் மலிவு பார்க்கக் கூடாது. இடையில் ஒன்பது மணித்தியாலம் காக்க வைக்கும் டிக்கட் விலை குறைவு என்பது உண்மைதான். மிச்சம் பிடித்த காசு லவுஞ்ச் சீட்டில் போயிற்று, அதுவும் வீணாயிற்று. இரண்டு மூன்று மணித்தியால இடைவெளி போதும். அதுவும் பகலில் இருந்தால் நல்லது. ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் பிள்ளை ஓடவேண்டி வரும், அதுவும் வேண்டாம். முழுப் பயணமும் ஒரே டிக்கட்டில் இருக்கட்டும். அப்போதுதான் கட்டுநாயக்கவிலேயே இரண்டு விமானத்துக்குமான அட்டைகளையும் வாங்கிக்கொள்ளலாம்; பயணப்பொதியும் நேரே போய்ச் சேரும்; முதல் விமானம் தாமதித்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பும் கம்பனிக்கு உண்டு. இரண்டு தனி டிக்கட் என்றால் இந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. இடையில் சாமானை எடுத்து மறுபடி ஒப்படைக்க, அந்த நாட்டு விசா இல்லாமல் பிள்ளை வெளியே போகவும் ஏலாது.

லவுஞ்ச் வேண்டுமென்றால் அந்த லவுஞ்சுக்கே எழுதி, "15 வயதுப் பிள்ளை தனியாக வருகிறது, விடுவீர்களா?" என்று கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். அட்டை தந்த வங்கியைக் கேட்டுப் பயனில்லை. வாசலில் நிற்பது வங்கி அல்ல.

காசில்லாமலே இளைப்பாற இடங்கள் இருக்கின்றன. 2014இல் திறந்த டோஹாவின் ஹமத் விமான நிலையத்தில், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே அமைதி அறைகள் உண்டு. சாய்ந்து தூங்கக்கூடிய கதிரைகள், கட்டணம் இல்லை. அங்கே நடுக்கூடத்தில் ஏழு மீற்றர் உயரத்தில் ஒரு மஞ்சள் கரடிப் பொம்மை இருக்கிறது. வழி தவறினால் "கரடியடியில் நில்லுங்கள்" என்று பிள்ளைக்குச் சொல்லி வைக்கலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் இலவசமாகச் சாய்ந்து இருக்க இடமுண்டு. தொழுகை அறைகள் ஹீத்ரோவில்கூட உள்ளன, ஆனால் அங்கே எல்லா மதத்தவர்க்கும் பொதுவான அறை.

இன்னொரு விடயம், போய் இறங்கும் இடம். பிரித்தானிய விமான நிலையங்களில் கடவுச்சீட்டைத் தானே வாசித்துத் திறக்கும் இயந்திர வாயில்கள் இருக்கின்றன. 18 வயதுக்குக் குறைந்தவர் பெரியவரோடு வந்தாலன்றி அவற்றைப் பயன்படுத்த முடியாது. தனியாக வரும் பிள்ளை உத்தியோகத்தர் இருக்கும் வரிசைக்குத்தான் போகவேண்டும். அங்கே, எங்கே இருந்து வருகிறாய், யார் அனுப்பினார்கள், கூட்டிப்போக யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். பயமுறுத்துவதற்கல்ல, பிள்ளையின் பாதுகாப்புக்காகவே கேட்கிறார்கள். பெற்றார் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், இரு பக்கத்துத் தொலைபேசி இலக்கங்கள், பெற்றாரின் கடவுச்சீட்டுப் பிரதி ஆகியவை தாளிலேயே இருக்கட்டும். தொலைபேசியில் இருக்கிறது என்று விட்டால், பற்றரி இறங்கிய நேரத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. வழியில் யாராவது ஒரு பொதியைத் தந்து "இதைக் கொஞ்சம் கொண்டுபோங்க மகள்" என்றால் வாங்கவே கூடாது என்பதை உம்மா மூன்று முறை சொல்லி அனுப்பினார். அது மட்டும் அவளுக்கு மனப்பாடம்.

பர்மிங்ஹாமில் உத்தியோகத்தர் இரண்டு கேள்விதான் கேட்டாராம். வெளியே தம்பி நின்றிருந்தான். அவளைக் கண்டதும் அவன் அழுதுவிட்டான் என்று மைனி சொன்னார், அவன் மறுக்கிறான்.

2025 விடுமுறைக்கு அவள் மறுபடி வந்தாள். இம்முறை தம்பியின் குடும்பமே சேர்ந்து வந்தது. இடையில் இரண்டரை மணித்தியாலந்தான். லவுஞ்ச் பக்கம் யாரும் போகவில்லை. வந்த அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உம்மா அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, தலையைத் தடவியபடி கேட்டார்:

"அந்தப் புத்தளத்துப் புள்ள போய்ச் சேந்தாவாமா?"

"தெரியாது வாப்பும்மா. நம்பர் வாங்க மறந்துட்டேன்."

"பேர் என்ன என்றாவது கேட்டீங்களா?"

அவள் பேசாமல் இருந்தாள். உம்மா தஸ்பீஹை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.